கேட் எழுதியாச்சு, முடிவு வர மூணு வாரம் இருக்கு: நீலகிரி பசங்க இப்ப என்ன செய்யணும்?

சிம்ஸ்பூங்கா
எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி ஞாயிறு கோவையில் கேட் எழுதிட்டேன் (இன்ஜினியரிங் கேட் இல்லை, எம்.பி.ஏ.வுக்கான கேட்). பி.காம். கடைசி வருஷம். ஊர் குன்னூர் தாலுகா, வீட்டில் 2 ஏக்கர் தேயிலை. விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று போட்டிருக்கேன். முடிவு வரும் வரைக்கும் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கா? வேறெந்தத் தேர்வுக்கும் இன்னும் பணம் கட்டலை. விவரம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

மலைரயில்
தம்பி, இந்த மூணு வாரம்தான் இருக்கிறதிலேயே முக்கியமான காலம். தேர்வுக்குள்ளே நடந்ததை இனி மாத்த முடியாது. ஆனா விண்ணப்பம், சான்றிதழ், கடன் காகிதம் மூணும் இப்பத் தொடங்கினாத்தான் பிப்ரவரியில் கையில் இருக்கும். மலையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் சமவெளியை விட நாலு நாள் கூடுதலா வெச்சுக்கணும்.

முதல் வேலை, ரெஸ்பான்ஸ் ஷீட். நீ எந்தக் கேள்விக்கு எதை அழுத்தினாய் என்ற தாள் அது. கேட் தளத்தில் உன் பயனர் எண், கடவுச்சொல் போட்டு உள்ளே போனால் கிடைக்கும். 2024 தேர்வு நவம்பர் 24-ல் நடந்தது, விடைக்குறிப்பு டிசம்பர் 3-ல் வந்தது, முடிவு டிசம்பர் 19-ல் வந்தது. அதே மாதிரி இடைவெளியை எதிர்பார்க்கலாம். வந்த அன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்து இன்னொரு இடத்திலும் வெச்சிடு. அந்த இணைப்பு ரொம்ப நாள் இருக்காது.

கணக்கு இப்படிப் போடணும்: சரியான விடைக்கு 3. தப்பான விடைக்கு 1 போகும், ஆனால் நாலில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகளுக்கு மட்டும்தான். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்வி தப்பானால் எதுவும் போகாது. இதைக் கவனிக்காமல் எல்லாத் தப்புக்கும் ஒன்று கழித்துவிட்டு மனசு உடைந்து போகிற பிள்ளைகள் நிறைய. உதாரணத்துக்கு, ஆங்கிலப் பகுதியில் 18 கேள்வி தொட்டு 11 சரி, 7 தப்பு. அந்த 7-ல் 2 தட்டச்சுக் கேள்வி என்றால் 33-ல் 5 போய் 28. எல்லாத் தப்புக்கும் கழித்தால் 26 என்று வரும். அந்த இடத்தில் 2 மதிப்பெண் பெரிய வித்தியாசம்.

விடைக்குறிப்பே தப்பு என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2024-ல் ஒரு கேள்விக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள், இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். நூறு சதவீதம் உறுதியாக நிரூபிக்க முடிகிற கணக்குக் கேள்விக்கு மட்டும் போடு. ஆங்கிலப் பத்திக் கேள்விக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம்.

பச்சைஇலை
மலைரயில் அண்ணா சொன்னதுக்கு முன்னாடியே ஒண்ணு செய்யணும் தம்பி, இன்னைக்கு ராத்திரியே. சாட் தேர்வுக்கு விண்ணப்பம் இன்னும் திறந்திருக்கான்னு பாரு. ஜம்ஷெட்பூர்ல இருக்கிற எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரி நடத்துறது, ஜனவரி முதல் ஞாயிறு நடக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் கேட் முடிவுக்கு முன்னாடியே மூடிடும். "கேட் எப்படி வருதுன்னு பாத்துட்டு சாட் போடலாம்"னு இருந்தா கதவு சாத்திடும். எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் பி.எம். (வணிக மேலாண்மை), எச்.ஆர்.எம். (மனிதவள மேலாண்மை) ரெண்டுக்கும் கேட் மதிப்பெண் செல்லாது. அதில் "முடிவெடுத்தல்"னு ஒரு பகுதி வரும், கேட்டில் அது கிடையாது. பழைய வினாத்தாள் ஆறு ஏழு போட்டுப் பாத்தா பிடிபடும்.

ஸ்னாப்னு இன்னொரு எம்.பி.ஏ. தேர்வு இருக்கு, அதோட பதிவு இந்த நேரத்துக்கு பொதுவா முடிஞ்சிருக்கும், அதை விட்டுடு. சிமேட், மேட் தேர்வு ரெண்டும் பின்னாடி வரும்.

அடுத்தது, நிறைய பேர் ஏமாறுற இடம். கேட் எழுதினாலே எல்லாக் கல்லூரிக்கும் விண்ணப்பிச்ச மாதிரின்னு நினைக்கிறாங்க. ஐ.ஐ.எம்.களுக்கு மட்டும்தான் கேட் படிவத்திலேயே விருப்பம் கேப்பாங்க. ஐ.ஐ.டி. சென்னை, என்.ஐ.டி. திருச்சி, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் (பிம்), கோவை பி.எஸ்.ஜி. மேலாண்மைக் கல்லூரி, சென்னை லிபா, கிரேட் லேக்ஸ் இதுக்கெல்லாம் தனித் தனி விண்ணப்பம், தனித் தனிக் கட்டணம். பல இடத்தில் கேட் பதிவு எண் மட்டும் கொடுத்து இப்பவே போடலாம், மதிப்பெண் வந்ததும் அவங்களே எடுத்துக்குவாங்க. ஒரு நோட்டில் நாலு பத்தி கிழிச்சு எழுது: கல்லூரி, கடைசித் தேதி, கட்டணம், என்ன காகிதம். செல்போன் நினைவூட்டலை மட்டும் நம்பாதே, கண்ணுக்கு முன்னாடி சுவரில் ஒட்டு.

எல்லாத்துக்கும் போட்டா 15,000 ரூபாய் தாண்டிடும். உனக்கு நேர்காணல் வர வாய்ப்பு இருக்கிற அஞ்சு ஆறுக்குப் போட்டா போதும்.

சிம்ஸ்பூங்கா
சாட் திறந்துதான் இருக்கு, கட்டிட்டேன். நன்றி அக்கா. யூடியூபில் ஒருத்தர் 28 வந்தா 90 பெர்சன்டைல்ங்கிறார், இன்னொருத்தர் 80-ங்கிறார். எதை நம்ப?

கேத்தி_கணக்கு
ரெண்டையும் நம்ப வேண்டாம்.

பெர்சன்டைல் என்பது நீ வாங்கிய மதிப்பெண்ணின் சதவீதம் அல்ல. உனக்குக் கீழே எத்தனை பேர் என்பதுதான். 2024-ல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அப்படியானால் ஒரு பெர்சன்டைல் என்பது 2,930 பேர். 90 என்றால் உனக்கு முன்னால் 29,000 பேருக்கு மேல். 99 என்றால் முன்னால் 2,900 சொச்சம். 98-லிருந்து 99-க்குப் போவதும் 60-லிருந்து 61-க்குப் போவதும் ஒரே எண்ணிக்கையிலான ஆட்களைத் தாண்டுவதுதான். ஆனால் மேலே ஆட்கள் சிதறி நிற்பார்கள், நடுவில் நெருக்கி நிற்பார்கள். அதனால் நடுவில் 2 மதிப்பெண்ணுக்கு பல பெர்சன்டைல் தாவும், மேலே தாவாது.

அடுத்தது, தேர்வு மூன்று வேளையாக நடக்கிறது. காலை வேளைத் தாள் கடினம், மாலைத் தாள் எளிது என்றால் நேராக ஒப்பிட முடியாது. அதனால் கச்சா மதிப்பெண்ணை மாற்றி 'ஸ்கேல்டு' மதிப்பெண் ஆக்குகிறார்கள். பகுதி வாரியாகவும் மாற்றுவார்கள். உன் தாளில் நீ போட்ட 28, அட்டையில் 26 ஆகவும் வரலாம், 31 ஆகவும் வரலாம். யூடியூபில் சொல்பவருக்கு மற்ற வேளைகளின் முழு மதிப்பெண் கணக்கு கிடையாது.

இதற்கும் மேல், மொத்தம் நன்றாக வந்தும் ஒரு பகுதியில் குறைந்தபட்சம் எட்டவில்லை என்றால் அழைப்பு வராது. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் பகுதிக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. அவை எல்லாம் அந்தந்தத் தளத்தில் 'சேர்க்கைக் கொள்கை' என்ற ஆவணத்தில் வெளிப்படையாக இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை, வேலை அனுபவத்துக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். கணிப்பு வீடியோ பார்க்கும் நேரத்தில் அந்த ஆவணம் நான்கைப் படி. உன் பத்தாவது மதிப்பெண் எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் இழுக்கும் என்று தெரிந்துவிடும்.

புதிய ஐ.ஐ.எம்.கள் சில சேர்ந்து 'கேப்' என்று ஒரே நேர்காணல் நடத்தும். ஐ.ஐ.எம். திருச்சி பல ஆண்டுகள் அதில் இருந்தது. யார் யார் சேர்கிறார்கள் என்பது வருடா வருடம் மாறும். தகுதி பெற்றவர்களுக்கு மின்னஞ்சலில் இணைப்பு வரும், அதில் போய்ப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஸ்பேம் பெட்டியைத் தினமும் பார்.

தாலுகா_வாசல்
ஓ.பி.சி. என்று போட்டிருப்பதால் இதை முழுவதும் படியுங்கள் தம்பி. இங்கே கோட்டை விட்டால் 99 பெர்சன்டைல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

உங்களிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்று. டான்செட்டுக்கு (தமிழ்நாட்டு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு) அது போதும். ஐ.ஐ.எம்.முக்கு அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் 'கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை' என்ற வாசகத்தோடு கூடிய ஓ.பி.சி. சான்று வேண்டும். இரண்டும் வேறு வேறு விண்ணப்பம். இரண்டையும் இ-சேவை மையத்தில் போடலாம். கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) இல்லாதவர்கள் முதலில் ஆதார், ரேஷன் கார்டு கொடுத்து அதை எடுக்க வேண்டும்.

உங்கள் சமூகத்தின் பெயர் தமிழ்நாட்டுக்கான மத்திய ஓ.பி.சி. பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் சான்றிலும் வர வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பது எல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து கையோடு கொண்டுபோங்கள். ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு மேசையில் நிறுத்துவார்கள்.

தேதியும் முக்கியம். நிதியாண்டு மாறினால் சான்று பழசாகிவிடும். நேர்காணலுக்கு இப்போது வாங்கியது ஆகும். ஆனால் ஜூனில் சேரும்போது ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கிய புதிய சான்று கேட்கும் கல்லூரிகள் உண்டு. அழைப்புக் கடிதத்தில் தேதி எழுதியிருக்கும். ஏப்ரல் முதல் வாரமே மறுபடி விண்ணப்பித்து விடுங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் வருவாய்த் துறை ஆட்கள் பாதிப் பேர் சீசன் பணியில் இருப்பார்கள்.

பிறகு ஒன்று: கேட் விண்ணப்பம் மூடிய பின் பிரிவை மாற்ற முடியாது. ஓ.பி.சி. என்று போட்டுவிட்டுச் சான்று கொடுக்க முடியவில்லை என்றால் பொதுப் பிரிவுக்கு நகர்த்துவார்கள் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள்.

எல்லநள்ளி
தேயிலை விவசாய வருமானம்தானே? கிரீமி லேயருக்கு விவசாய வருமானம் கணக்கில் வராதே. அப்புறம் என்ன கவலை?

தாலுகா_வாசல்
நம் மாவட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், எல்லநள்ளி. சமவெளியில் நெல், கரும்பு போடுபவருக்கு நீங்கள் சொல்வது சரி. தேயிலைக்குச் சரியல்ல.

1993 செப்டம்பர் 8-ம் தேதி மத்தியப் பணியாளர் துறை வெளியிட்ட உத்தரவின் அட்டவணையில் சொத்து உரிமையாளர் என்ற பிரிவு இருக்கிறது. அதில் விவசாய நிலம் தனி, தோட்டப்பயிர் தனி. காபி, தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு வருமான வரம்பு பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. மா, எலுமிச்சை வகை, ஆப்பிள் தோட்டம் மட்டும் விவசாய நிலம் போலக் கருதப்படும். ஆகவே தேயிலை வருமானம் சோதனைக்குள் வரும். வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம், தொடர்ந்து மூன்று ஆண்டுகள். பெற்றோரின் வருமானம்தான் பார்ப்பார்கள், மாணவரின் வருமானத்தை அல்ல.

வருமான வரியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பச்சை இலையைப் பறித்து அப்படியே விற்பவருக்கு வருமான வரிச் சட்டத்தில் அது விவசாய வருமானம். வரி இல்லை என்பதால் கிரீமி லேயர் கணக்கிலும் இல்லை என்று ஆகாது. வரிச் சட்டம் ஒன்று, இட ஒதுக்கீட்டு விதி ஒன்று.

2 ஏக்கருக்குப் பயமே வேண்டாம். கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலும் 8 லட்சம் என்பது 40,000 கிலோ இலை. 2 ஏக்கரில் அந்த அளவு விளையாது. ஆனால் 'தேயிலையா, கணக்கில் வராது' என்று எழுதிக் கொடுக்காமல், உள்ள வருமானத்தை உள்ளபடி காட்டுங்கள். பேக்டரியில் கொடுக்கும் மாதாந்திர இலைக் கணக்குச் சீட்டு மூன்று வருடத்துக்கு எடுத்து வையுங்கள். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்கு வரும்போது அதைக் காட்டினால் அன்றே முடியும். இல்லையென்றால் 'வருமான ஆதாரம் இணைக்கவில்லை' என்று மனு திரும்பும்.

அப்பா அம்மா யாராவது அரசுப் பணியில் இருந்தால் அவர்களின் பதவி நிலையை வைத்துத் தனி விதி இருக்கிறது. சம்பளத்தை வைத்து அல்ல.

எல்லநள்ளி
இது எனக்குப் புதுசு. திருத்தினதுக்கு நன்றிங்க.

கார்குடி
எஸ்.டி. பிள்ளைகளுக்கு ஒன்று சேர்க்கிறேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் யாராக இருந்தாலும் தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றை வழங்குவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். நம் மாவட்டத்தில் உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டம். அப்பா அல்லது உடன்பிறந்தவரின் பழைய சான்று இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும், இல்லாவிட்டால் விசாரணை நீளும். தேர்வு எழுதிய கையோடு மனு போட வேண்டும், முடிவு வந்த பின் அல்ல. கேட் எழுதத் தகுதியும் பட்டப்படிப்பில் 50-க்குப் பதில் 45 சதவீதம் போதும். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஆண்டுக்காவது தெரிந்திருக்கட்டும். ஐ.ஐ.எம்.மில் சேரும் பழங்குடி மாணவருக்கு மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் உதவித்தொகையும் உண்டு.

ஓவேலி_ஓடை
கடனைப் பத்தி யாரும் சொல்லலையே. பெரிய ஐ.ஐ.எம்.னா ரெண்டு வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல கட்டணம். இப்பவே பேங்க் போய்க் கேட்டு வெச்சுக்கணும். அழைப்பு வந்து முன்பணம் கட்டச் சொல்ற நேரம் ஒரு வாரம் பத்து நாள்தான் இருக்கும்.

முன்னணிக் கல்லூரிகளுக்கு பொதுத்துறை பேங்குகள்ல தனித் திட்டம் இருக்கு. பட்டியல்ல உள்ள கல்லூரின்னா ஜாமீன் சொத்து கேக்க மாட்டாங்க, அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியா கையெழுத்துப் போட்டா போதும். எந்தக் கல்லூரி எந்தப் பட்டியல்லன்னு கிளையில கேளு. 2024 நவம்பர்ல பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வந்திருக்கு. அதில உள்ள நிறுவனங்களுக்கு ஜாமீன் இல்லாத கடன், குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும்னா 10 லட்சம் வரைக் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை.

பட்டியலுக்கு வெளிய உள்ள கல்லூரின்னா 7.5 லட்சத்துக்கு மேல சொத்து கேப்பாங்க. நம்ம பக்கம் சிக்கல் அங்கதான். கூடலூர், பந்தலூர்ல நிறைய நிலம் ஜென்ம நிலம் (பழைய ஜமீன் மாதிரி), பிரிவு 17-ல சிக்கினது. 1969-ல ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் பட்டா இல்லை. மூணு தலைமுறையா தேயிலை பறிச்சாலும் பேங்க் கண்ணுக்கு அது சொத்து இல்லை. மேல உதகை, குன்னூர் பக்கம் பட்டா இருந்தாலும், சர்வே எண் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வருதான்னு பாக்கணும். வந்தா மாவட்டக் குழு அனுமதி இல்லாம அடமானம் வெக்க முடியாது. பேங்க் வக்கீல் அதைத்தான் முதல்ல பாப்பார்.

தேவைப்படுறது: பட்டா, சிட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று. தாத்தா பேர்ல இருக்கிற கூட்டுப் பட்டான்னா எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடணும். சித்தப்பா திருப்பூர்ல, பெரியப்பா பெங்களூர்லன்னா ரெண்டு மாசம் ஓடிடும். அதனாலதான் இப்பவே தொடங்கச் சொல்றேன்.

கேத்தி_கணக்கு
கடனின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் அளவு புரியும். 15 லட்சம் கடன், வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஒரே நாளில் 15 லட்சத்தைத் தராது. ஆறு பருவம், பருவத்துக்கு 2.5 லட்சம், நான்கு மாதத்துக்கு ஒன்று. படிப்பு 2 வருடம், அதன் பின் 1 வருடம் தவணை விடுப்பு. அந்த 36 மாதத்துக்குச் சாதா வட்டி 2,92,500 ரூபாய். படிக்கும்போது வட்டியைக் கட்டாமல் விட்டால் கடன் 17.92 லட்சமாகி நிற்கும். 10 வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 22,700. வட்டியை அவ்வப்போது கட்டி வந்தால் தவணை 19,000-த்தில் நிற்கும். மாதம் 3,700 வித்தியாசம், பத்து வருடத்துக்கு.

முதல் பருவத்தில் வட்டி மாதம் 1,875 ரூபாய்தான். வீட்டில் முடிந்தவரை அதையாவது கட்டச் சொல்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்படிப்புக்கான மத்திய வட்டி மானியத் திட்டத்தைப் பற்றியும் கிளையில் கேள். அதற்கு வருமானச் சான்று தனியாக வேண்டும், ஓ.பி.சி. சான்றைக் காட்ட முடியாது.

பச்சைஇலை
இடையில ஒரு எச்சரிக்கை. இப்ப போன் வரத் தொடங்கும். "உங்களுக்கு சீட் ரெடி, இன்னைக்கு 25,000 கட்டினா இடம் பிடிச்சு வைக்கிறோம்"னு பெங்களூர், புனே ஆட்கள் பேசுவாங்க. கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அங்கீகாரம் இருக்கான்னு அந்தத் தளத்திலேயே பாரு. அசல் சான்றிதழைக் கேட்டா கொடுக்காதே. சேர்ந்த பிறகு கூட சரிபாத்துட்டுத் திருப்பித் தரணும், பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கு.

சிம்ஸ்பூங்கா
நேர்காணலுக்கு இப்பவே படிக்கணுமா? மதிப்பெண்ணே தெரியாம?

மலைரயில்
மதிப்பெண் வந்த பின் தொடங்கினால் முதல் நேர்காணல் வரை நாலு அஞ்சு வாரம்தான் இருக்கும், அதில் சாட் தேர்வும் கல்லூரிப் பருவத் தேர்வும் போய்விடும். இப்ப தினம் ஒரு மணி நேரம் போதும்.

நேர்காணல் 15-லிருந்து 25 நிமிஷம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பக்கமிருந்து கேள்வி வரும்: உன் பட்டப்படிப்புப் பாடம், நடப்புச் செய்தி, உன் ஊர். பி.காம். என்றால் கணக்குப் பதிவியல், செலவுக் கணக்கியல், ஜி.எஸ்.டி. அடிப்படை கட்டாயம். இறுதியாண்டுப் பாடத்தை அப்படியே சொல்லத் தெரியாமல் விழித்தால் வேறு எது நல்லாயிருந்தாலும் காப்பாற்றாது.

ஊர் என்பதைத்தான் நம் பிள்ளைகள் அலட்சியம் செய்கிறார்கள். குன்னூர் என்று படிவத்தில் இருந்தால் முதல் கேள்வியே தேயிலையாக இருக்கும். 'அழகான மலை, நல்ல டீ' என்று சொன்னால் அதோடு முடிந்தது. இப்படிச் சொல்லிப் பார்:

ஏறக்குறைய 4 முதல் 4.5 கிலோ பச்சை இலையில் ஒரு கிலோ தூள் வரும். பேக்டரி அதைக் குன்னூர் ஏலத்தில் விற்கும். அந்த ஏல சராசரியை வைத்து தேயிலை வாரியம் மாதா மாதம் இலை விலையை அறிவிக்கும். விற்ற பணத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு பேக்டரிக்கு. தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் விவசாயியின் பங்கு 65. நூறு கிலோ இலையில் 22.5 கிலோ தூள் என்றால், ஒரு கிலோ இலைக்கு 14 ரூபாய் 60 காசு சொச்சம். பறிப்புக் கூலியும் உரமும் அதற்குள்ளேயே. இவ்வளவையும் ஒரு நிமிஷத்தில் தெளிவாகச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: 'அப்படியானால் விவசாயியின் வருமானத்தை எப்படி உயர்த்துவாய்?' அங்கே உன் யோசனையைச் சொல்லு. ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் தரம் எப்படி ஏறும், பறிப்புச் சுற்று நீண்டால் இலை முற்றி என்ன ஆகும், ஆர்தடாக்ஸ் தேயிலைக்கும் (இலையை உருட்டிச் செய்வது) சி.டி.சி.க்கும் (இலையை நசுக்கிக் குருணையாக்குவது) விலை ஏன் வேறு, 1965-ல் தொடங்கிய இன்கோசர்வ் கூட்டுறவு என்ன செய்கிறது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்காக வந்த டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் இன்று ஏன் திணறுகிறது. இவை எல்லாம் உன் வீட்டு வாசலில் நடக்கிற வணிகப் பாடம். டெல்லியிலிருந்து வரும் பையனுக்கு இது கிடையாது.

இன்னும் இரண்டு தலைப்பு தயார் செய். ஒன்று எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்); உதகையில் 'இந்து' பெயரில் பிலிம் செய்த பொதுத்துறை ஆலை. தொழில்நுட்பம் மாறும்போது நிறுவனம் எப்படிச் சாகிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் இல்லை. இரண்டாவது, மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் தொடங்கியது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். தங்கும் விடுதிக்காரர் பக்கமும் பேசத் தெரியணும், தண்ணீரும் குப்பையும் பற்றி ஊர்க்காரர் பக்கமும் பேசத் தெரியணும்.

பூம்பாறை
கொடைக்கானல் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். எங்களுக்கு இ-பாஸ் வரம்பு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வைத்தார்கள். மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சும்மா பெருமையாகச் சொல்லாமல், குறியீடு வந்த பின் விவசாயி கைக்கு விலை போய்ச் சேர என்னென்ன தடை என்று யோசித்து வையுங்கள். கலப்படப் பூண்டு, தரம் பிரிக்காமை, நேரடிச் சந்தை இல்லாமை. சான்றிதழ் வேலைக்குக் கொடைக்கானலிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது, திண்டுக்கல் வரை இறங்க வேண்டாம்.

ஜெகதளா
தமிழ்ல படிச்ச பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நேர்காணல்தான் பயம். வேகமாப் பேசணும்னு யாரும் எதிர்பாக்கலை. சின்னச் சின்ன வாக்கியமா, முடிச்சு முடிச்சுப் பேசினா போதும். தினமும் ஒரு செய்தியை எடுத்து ரெண்டு நிமிஷம் போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. மூணாவது நாளே எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றோம்னு காதுல விழும்.

எழுத்துத் தேர்வு வைக்கிற இடத்துல 20–30 நிமிஷத்துல 250–300 வார்த்தை எழுதச் சொல்வாங்க. முதல் அஞ்சு நிமிஷம் பேனாவை வெச்சுட்டு யோசிங்க. ரெண்டு காரணம், ஒரு எதிர்வாதம், நம்ம நிலை. அவ்வளவுதான். நடுவுல கருத்து மாறி அடிச்சுத் திருத்தினா அங்கதான் மதிப்பெண் போகுது.

தாலுகா_வாசல்
டான்செட்டையும் விட்டுவிட வேண்டாம் தம்பி. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது, 2025-ல் மார்ச் 22 அன்று நடந்தது. அந்த ஆண்டு விண்ணப்பம் ஜனவரி கடைசியில் திறந்தது. 100 கேள்வி, 2 மணி நேரம், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கேட்டுக்குப் படித்தவருக்குத் தனியாகப் பெரிய தயாரிப்பு தேவையில்லை, வேகம் மட்டும் வேண்டும். மாநிலக் கலந்தாய்வில் 69 சதவீத இட ஒதுக்கீடு, கட்டணமும் ஐ.ஐ.எம்.மோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. கலந்தாய்வைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தி வருகிறது. இரண்டாம் நிலைத் தனியார் கல்லூரிக்கு 12 லட்சம் கடன் வாங்குவதை விட, டான்செட்டில் நல்ல தரவரிசை எடுத்து அரசுக் கல்லூரியில் சேர்வது நம் வீடுகளுக்குப் பல மடங்கு நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் பருவ மதிப்பெண் பட்டியல் அனைத்தும் கையில் இருக்கிறதா பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பாரதியார் பல்கலைக்கழகம் வரை இறங்க வேண்டிவரும். சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக மாற்றும் விதி பல்கலைக்கழகத்தில் இருந்தால் அதன் கடிதம் வாங்குங்கள். விதி இல்லையென்றால் பெற்றதை அதிகபட்சத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும் என்பதுதான் கேட் சொல்வது. படிவத்தில் ஒரு எண், பட்டியலில் ஒரு எண் என்று இருக்கக் கூடாது.

சிம்ஸ்பூங்கா
ஓ.பி.சி. மனு இன்று இ-சேவையில் போட்டாச்சு, இலைச் சீட்டு மூணு வருஷத்துக்கு அப்பா எடுத்து வெச்சிருக்கார். நேர்காணல் சென்னையா பெங்களூரான்னு கேட்டா எதைப் போடட்டும்?

ஓவேலி_ஓடை
கூடலூர்க்காரங்களுக்கு பெங்களூர் கிட்ட. உனக்கு சென்னைதான் நிம்மதி. மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினா விடிகாலை சென்னை. அழைப்பு வந்த அன்னைக்கே டிக்கெட் போடு, கிடைக்கலைன்னா முந்தின நாள் தட்கல்: ஏ.சி.க்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. காலை நேர்காணல்னா ஒரு நாள் முன்னாடியே போயிடு. குன்னூர் – மேட்டுப்பாளையம் ரோட்டுல மரம் விழுந்தா கோத்தகிரி வழியா இறங்கணும், அதுக்கு ரெண்டு மணி நேரம் கூடுதலா கையில வெச்சுக்கிட்டு கிளம்பு.

பெங்களூர்தான்னு வந்தா, பந்திப்பூர் சோதனைச்சாவடி ராத்திரி 9 மணிக்கு மூடினா காலை 6 மணிக்குத்தான் திறக்கும். சாயந்திரம் நாலு மணிக்குள்ள குன்னூர்ல இருந்து கிளம்பிடணும். அன்னைக்கு லேட்டாயிட்டா அந்த வழியே நினைக்காதே, கோவை இறங்கி சேலம் வழியா ராத்திரி பஸ் பிடி. அசல் சான்றிதழ் கோப்பு மடியில இருக்கட்டும், டிக்கிலயோ மேல் தட்டுலயோ வெக்காதே.

சிம்ஸ்பூங்கா
சென்னையே போடுறேன் அண்ணா. நாளைக்கு பேங்க்ல கேட்டுட்டு வந்து எழுதுறேன்.